வாசகர் கேள்வி பதில்: அலை ஓவியம் சுனாமியா?

கேள்வி: என் மகளின் பாடசாலைப் பையில் நுரை கக்கும் பெரிய நீல அலையொன்றின் படம் இருக்கிறது. அது யப்பானில் வந்த சுனாமியின் ஓவியம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, அந்தப் பையைத் தன் கண்ணில் காட்ட வேண்டாம் என்கிறார் என் தாயார். அது உண்மையில் சுனாமிதானா?
வாசகி, நாவலடி

பதில்: இல்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26 அன்று நாவலடியில் சுனாமியால் நடந்ததை அறிந்தவர்கள் உங்கள் தாயாரின் பதற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆயினும் படத்தில் இருப்பது காற்றால் எழுந்த ஆழ்கடல் அலை. சுனாமி ஆழ்கடலில் இவ்வாறு மலைபோல் எழுவதில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதே உயர்கிறது என்பதால், தூரக் கடலில் நிற்கும் தோணியை அது தெரியாமலே கடந்து போய்விடும். கட்சுஷிக்கா ஹொக்குசாய் என்ற ஓவியர், எழுபது வயதைக் கடந்த பின்னர், ஏறத்தாழ 1831இல் வரைந்த படம் இது. தலைப்பே 'கனகாவாக் கடலில் அலையின் அடியில்' என்ற பொருளைத் தருகிறது. உற்றுப் பார்த்தால், அலைக்குள் மூன்று நீண்ட படகுகளும், துடுப்பைப் பற்றியபடி குனிந்திருக்கும் ஆட்களும் தெரியும். அவை, இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரச் சந்தைக்குப் புதுமீன் கெடாமல் விரைந்து கொண்டுசேர்க்கும் படகுகள். நடுவில், இன்னொரு சிற்றலைபோல் வெண்முடியுடன் நிற்பது பூஜி மலை. படத்தின் உண்மையான நாயகன் அந்த மலையே. 'பூஜி மலையின் 36 காட்சிகள்' என்ற வரிசையில் வந்த படம் இது. வரிசை நன்றாக விற்றதால் பின்னர் பத்துப் படங்கள் சேர்க்கப்பட்டு 46 ஆயின. பெயர் மட்டும் மாறவில்லை.

கேள்வி: இந்த ஓவியத்தின் மூலப்பிரதி லண்டனிலும் நியூயோர்க்கிலும் தோக்கியோவிலும் இருப்பதாக வாசித்தேன். ஒரே ஓவியம் எப்படிப் பல இடங்களில் இருக்கும்?
வாசகர், கல்முனை

பதில்: மூலப்பிரதி என்று நாம் எண்ணுவது இதற்குக் கிடையாது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்ததைச் செதுக்குநர் காட்டுச் செர்ரி மரப்பலகையின்மேல் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்ற இடங்களைத் தோண்டி எடுப்பார்; அந்த வேலையிலேயே ஓவியரின் தாள் அழிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கப்படும். அச்சிடுபவர் வண்ணத்தையும் சிறிது அரிசிப் பசையையும் பலகையில் தடவி, ஈரப்பதமான தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான தட்டொன்றால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். அச்சுயந்திரம் எதுவும் இல்லை. எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் செதுக்கிய இரண்டு சிறு அடையாளங்களில் தாளின் மூலையும் ஓரமும் பொருந்தி உட்கார வேண்டும். மயிரிழை பிசகினாலும் நீலம் கோட்டுக்கு வெளியே வழிந்துவிடும். மருதமுனைத் தறியில் பூவேலை நெய்பவர்களுக்கு இந்தப் பொறுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலீடும் விற்பனையும் பதிப்பாளருடையவை. ஆகவே ஒரு படம் நான்கு பேரின் உழைப்பு. புகழ் மட்டும் ஒருவருக்குப் போயிற்று. பலகை தேயும்வரை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். நாடக நடிகர், அழகியர், மற்போர் வீரர், வழிப்பயணக் காட்சிகள் என நகரவாசி விரும்பியதெல்லாம் படமாயின. 'மிதக்கும் உலகின் படங்கள்' என்ற பொருளில் அவற்றை 'உக்கியோ-ஏ' என்றனர். தொடக்கத்தில் கறுப்புக் கோடுகளாகவே இருந்த இந்தக் கலை, 1765இல் சுசுக்கி ஹருநொபு என்ற ஓவியரின் கையில் பல்வண்ண அச்சாக மலர்ந்தது. அன்று சில்லறைக் காசுக்குப் போன அலைப் படத்தின் பிரதியொன்று 2023இல் நியூயோர்க் ஏலத்தில் 27 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

கேள்வி: ஐரோப்பிய ஓவியர்கள் யப்பானியரைப் பார்த்து வரைந்தார்கள் என்பது மிகைப்படுத்தலா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மிகையன்று, ஆனால் கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது. அலையின் அந்த ஆழ்ந்த நீலமே பேர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கைச் சாயம். ஒல்லாந்தரும் சீன வணிகரும் அதை நாகசாக்கித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1638இல் நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தக் கம்பனிதான் நாகசாக்கியிலும் பண்டசாலை வைத்திருந்தது. தூரத்துப் பொருளைச் சிறிதாகக் காட்டும் மேலைநாட்டு முறையையும் ஹொக்குசாய் அறிந்திருந்தார். பூஜி மலை அவ்வளவு சிறுத்துத் தெரிவது அதனால்தான். 1850களில் யப்பானின் துறைமுகங்கள் திறக்கப்பட்டபின் இப்படங்கள் பாரிசுக்குச் சென்றன. ஒல்லாந்த ஓவியர் வான்கோ 1887இல், யப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப்பாலக் காட்சியைப் பார்த்துத் தைலவண்ணத்தில் வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மொனே தம் வீட்டுச் சுவர்களை இவற்றால் நிறைத்தார். 1905இல் வெளியான, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் 'கடல்' என்ற இசைக்கோவையின் அட்டையிலும் இந்த அலையே இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: யொஷிதா ஹிரோஷி என்ற ஓவியர் இந்தியாவில் பயணம் செய்து, மதுரைக் கோயிலையும் 1930களின் தொடக்கத்தில் மரக்கட்டை அச்சாக்கினார்.

கேள்வி: அந்த அலையைப் பார்க்க வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா?
மாணவி, காரைதீவு

பதில்: யப்பானில் வேலை செய்யும் உறவினர் விடுமுறையில் வரும்போது, 2024 ஜூலையில் வெளியான புதிய 1000 யென் தாளொன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் பின்புறத்தில், மூன்று படகுகளோடும் அந்த அலை இருக்கிறது.