கணவரின் அடி உதை தாங்காமல் பிரிந்து வந்த பெண்கள் மறுபடி படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்குமா?

"வீட்டுக்காரரை விட்டு வந்துவிட்டேன், ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பரீட்சை) மட்டும்தான் படித்திருக்கிறேன், இலங்கை மலையகத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் படிக்கப் பணம் தருவார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன் தங்கச்சி.

கிடைக்கும். ஆனால் அடிபட்ட பெண்களுக்கென்று பெயர் போட்ட புலமைப்பரிசில் எதையும் நான் அலைந்த காலத்தில் காணவில்லை. எனக்குக் கிடைத்தது வருமானம் குறைந்தவர்களுக்கு ஒரு நிதியம் கொடுத்த மாதாந்த உதவி. பணத்தைவிட அதற்கான கடதாசிதான் என்னை அலைய வைத்தது.

நான் பொகவந்தலாவைப் பக்கம். 19 வயதில் கல்யாணம். 2011 இல் மகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தேன். அன்று இடது காதில் இரத்தம் கசிந்தது. இன்றும் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குச் சரியாகக் கேட்காது. பகலில் கொழுந்து பறிப்பேன், மகள் பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில். இரவில் அம்மா அடுப்படியில் பிள்ளையை வைத்துக்கொள்ள, நான் ஏ.எல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரப் பரீட்சை) புத்தகம் பிடித்தேன். பிரத்தியேகப் பரீட்சார்த்தியாக எழுதிப் பாஸானேன்.

அப்புறம்தான் அந்த நிதியத்துக்கான விண்ணப்பம். கணவரின் தொழில், கணவரின் வருமானம், கடைசியில் கணவரின் கையொப்பம். பிரிந்து வந்ததைச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு தடவை பேசிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்களேன்" என்றார். பின்னால் வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். படிவத்தை நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன்.

பெண்களுக்கு உதவும் ஓர் அக்காதான் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். கணவர் நம்மை அடிக்காமல் தடுக்கும் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில் நாமே கேட்கலாம், நமக்காகப் பொலிசும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை. விசாரித்த பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அதை எடுத்தேன். கட்டளையின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, என் சம்பளத்தை மட்டும் காட்டி கிராம சேவகர் தந்த கடிதம் மூன்றையும் வைத்துத் திரும்பக் கொடுத்தேன். கையொப்பம் இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள்.

குடும்பத்தைப் பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று எழுதப்போகிறவர்களுக்கு: நான் யாரையும் பிரியச் சொல்லவில்லை. என் அப்பா ஒரு நாளும் அம்மா மேல் கை வைத்ததில்லை, எல்லா ஆண்களையும் நான் குறை சொல்லவில்லை. கேட்ட பிள்ளை ஏற்கனவே வெளியே வந்துவிட்டாள், அவளுக்குத்தான் பதில் சொல்கிறேன்.

மகாபொல புலமைப்பரிசில் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களுக்கானது. ஓ.எல்லோடு நிற்கிற உங்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் பொருந்தும். 18 வயது தாண்டியவர்கள் ஏ.எல் இல்லாமலே அடிப்படைப் பாடநெறியில் சேர்ந்து மேலே போகலாம். கண்டியில் பிராந்திய நிலையம் இருக்கிறது. நான் பட்டம் படித்தது அங்கேதான், கட்டணத்தைத் தவணையாகக் கட்டினேன். இன்று ஆசிரியை. ஆபத்து என்றால் 1938 க்கு அழையுங்கள், மகளிருக்கான அரச உதவி இலக்கம் அது.

இன்னொன்று. நீங்கள் கேட்காத விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 150 வருடத்துக்கு மேலாக இந்த மலையில் இருக்கிறோம், இன்னும் நிறைய லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. எங்கள் கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் கைக்கு வந்தபோது தேதி முடிந்து ஐந்து நாள். கவரின் ஓரத்தில் தேநீர்க் கறை. அன்று அழுததுபோல் அடி வாங்கிய நாட்களில்கூட நான் அழவில்லை. வயசுப் பிள்ளைகளின் வேலைக் கடிதமும் பரீட்சை அட்டையும் இப்படித்தான் போகிறது, யாரும் பொறுப்பெடுப்பதில்லை.

அதனால் விண்ணப்பத்தில் தோட்டத்து முகவரியை மட்டும் போடாதீர்கள். டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நான் கோவிலடியில் தையல் கடை வைத்திருந்த அக்காவின் முகவரியைப் போட்டேன். நிதியத்தின் இரண்டாவது கடிதம் அங்கேதான் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, மழையோடு அவரே லயத்துக்கு ஏறிவந்து கொடுத்தார்.