மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம்: கேட்டவையும் பதில்களும்

பிளஸ் டூ மாணவர்: இந்த மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு இருக்கும்?

உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலுள்ள கடத்தல் சங்கிலி ஆக்சிஜன் வரை கொண்டுபோகிறது. வழியில் கிடைக்கும் ஆற்றலால் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே எதிர்மின் சேர்கிறது. வித்தியாசம் சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். சவ்வின் தடிமன் ஆறு நானோமீட்டர் அளவுதான், கணக்குப் போட்டால் மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் வரும். காற்றில் 30 லட்சத்திலேயே தீப்பொறி பறக்கும்! வெளியே போன புரோட்டான்கள் ஏடிபி சின்தேஸ் என்ற நொதி வழியாகத் திரும்பி வரும்போது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உருவாகிறது. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இதை 1961-ல் சொன்னார். பலர் ஏற்கவில்லை, 1978-ல் நோபல் கொடுத்தார்கள்.

உடல் எடை குறைக்க விரும்புபவர்: இந்த மின்னழுத்தத்தைக் குறைத்தால் கொழுப்பு கரையுமாமே? டிஎன்பி மாத்திரை ஆன்லைனில் கிடைக்கிறது.

வேண்டாம். அது புரோட்டான்களை சவ்வு வழியே ஒழுகவிடும். ஏடிபி ஆக வேண்டிய ஆற்றல் வெறும் சூடாகப் போகும். 1930-களில் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்காக விற்றார்கள். கண்புரை வந்தது, உடல் கொதித்துச் செத்தவர்களும் உண்டு. 1938-ல் மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். மாற்றுமருந்து கிடையாது.

ஆய்வு மாணவி: மின்னழுத்தம் கூடினால் ஜேசி-1 சாயம் அதிகச் சிவப்பாக ஒளிரும். என் மூலிகைச் சாறு கொடுத்த செல்களில் அந்தச் சிவப்பு கூடியது. செல்கள் ஆரோக்கியமாகிவிட்டன என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். மின்னழுத்தம் அணையின் நீர்மட்டம் மாதிரி. மட்டம் உயர்ந்தால் வரத்து கூடியிருக்கலாம், மதகு அடைத்தும் இருக்கலாம். ஒலிகோமைசின் கொடுத்துப் பாருங்கள்: ஏடிபி சின்தேஸ் அடைபடும், மின்னழுத்தம் ஏறும், ஏடிபி உற்பத்தி நிற்கும். சிவப்பு பிரமாதமாக வரும்! அப்புறம், செல்லின் வெளிச்சவ்வுக்கும் ஒரு மின்னழுத்தம் உண்டு. உங்கள் சாறு அதை மாற்றினாலும் உள்ளே போகும் சாயத்தின் அளவு மாறும். டிஎன்பி மாதிரியே புரோட்டான்களை ஒழுகவிடும் எஃப்சிசிபி கொடுத்து மின்னழுத்தத்தை இறக்கிய செல்களை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள். அதிலும் சிவப்பு குறையவில்லை என்றால் நீங்கள் அளந்தது மின்னழுத்தமே இல்லை.

இன்னொருவர்: ஜேசி-1 எவ்வளவு போட வேண்டும்?

செல்லுக்குச் செல் மாறும். எஃப்சிசிபி வைத்துச் சரிபாருங்கள்.

விரிவுரையாளர் ஒருவர்: மிகைப்படுத்துகிறீர்கள் சார். மின்னழுத்தம் கூடினால் ஏடிபி கூடும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

புத்தகம் சொல்வது, மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால். செல்லில் அப்படி எது இருக்கிறது? வேலை அதிகமாகி ஏடிபி வேகமாகச் செலவாகும்போது மின்னழுத்தம் சற்று இறங்கும், உற்பத்தி கூடும். ஓய்வில் நேர்மாறு.

அதே விரிவுரையாளர்: சரி, ஆனால் மின்னழுத்தம் இருப்பதே உயிரோட்டத்தின் அடையாளம் அல்லவா?

ஆக்சிஜன் நின்ற செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலி ஓடாது, ஏடிபி சின்தேஸ் தலைகீழாகச் சுழலும். இருக்கிற ஏடிபியை எரித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளி மின்னழுத்தத்தைக் கொஞ்சநேரம் தாங்கிப் பிடிக்கும். அங்கே மின்னழுத்தம் இருக்கிறது, செல் திவாலாகிக்கொண்டும் இருக்கிறது. அளவுக்கு மீறி ஏறினாலும் கெடுதல்தான்: எலக்ட்ரான்கள் தேங்கி ஆக்சிஜனிடம் கசிந்து, செல்லைத் தாக்கும் சூப்பர்ஆக்சைடாகும்.

மருத்துவ மாணவர்: மின்னழுத்தம் போன மைட்டோகாண்ட்ரியாவை செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி. பிங்க்1 என்ற புரதத்தை உள்ளே இழுப்பதே மின்னழுத்தம்தான். உள்ளே போனதும் அது வெட்டப்பட்டு அழிந்துவிடும். மின்னழுத்தம் விழுந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலேயே தங்கிக் குவியும், பார்கின் புரதத்தை அழைக்கும், பழுதானதைச் செல் விழுங்கிச் செரிக்கும். இந்த இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் இளவயதிலேயே பார்கின்சன் வரலாம்.

புதியவர்: சிவப்பு குறைந்தது. அபோப்டோசிஸ், அதாவது செல்லின் திட்டமிட்ட தற்கொலை, என்று போடலாமா?

மேலே படித்தீர்களா? மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி புரதம் வெளியேறியதையும், செல்லைச் சிதைக்கும் கேஸ்பேஸ் நொதிகளின் செயல்பாட்டையும் காட்டாமல் போடாதீர்கள். எஃப்சிசிபி!

விரிவுரையாளர் மறுபடி: அப்படியானால் எதைத்தான் அளப்பது?

மின்னழுத்தத்தோடு ஆக்சிஜன் நுகர்வையும் அளங்கள். மின்னழுத்தம் ஏறி நுகர்வு இறங்கினால் மதகு அடைப்பு, அல்லது வேலை குறைந்திருக்கிறது. இரண்டும் ஏறினால் வரத்து. மின்னழுத்தம் இறங்கி நுகர்வு ஏறினால் புரோட்டான் ஒழுக்காகவும் இருக்கலாம், வேலை கூடியதாகவும் இருக்கலாம். ஒலிகோமைசின் போட்டபிறகும் நுகர்வு குறையாவிட்டால் ஒழுக்குதான்.