சோலார்: 3 கிலோவாட்டா, 6 கிலோவாட்டா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் சராசரியாக 350 யூனிட் மின்சாரம் ஆகிறது. வெயில் காலத்தில் 500-ஐத் தொடும். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். மாடியில் சோலார் போட இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் 3 கிலோவாட் போதும் என்கிறார். இன்னொருவர், "இடம்தான் இருக்கிறதே, 6 போட்டுவிடுங்கள். கிலோவாட்டுக்கு ஆகும் விலையும் குறையும், மிச்ச மின்சாரத்தை விற்றுக்கொள்ளலாம்" என்கிறார். 3-க்குக் கையில் பணம் இருக்கிறது. 6 என்றால் பாதிக்குக் கடன் வாங்க வேண்டும். இரண்டு வருடத்தில் மின்சார கார் வாங்கும் எண்ணமும் உண்டு. எதைப் போடலாம்?

பதில்: இப்போதைய நிலையில் 3 போதும். கார் நிச்சயம் என்றால் 5 வரை போகலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கடன் வாங்கி 6 போடுவதற்கு உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முதலில் 1 கிலோவாட் எவ்வளவு தரும் என்று பார்ப்போம். பேனலில் எழுதியிருக்கும் வாட் அளவு ஆய்வுக்கூடக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பேனலின் சூடு 25 டிகிரி என்று வைத்து அளந்தது. உச்சி வெயிலில் மாடியில் கிடக்கும் பேனல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும் என்பதால், சூட்டிலேயே 14 சதவீதம் போய்விடும். தூசு, கம்பி, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால், எழுதியிருப்பதில் 75 முதல் 80 சதவீதம் கைக்கு வந்தால் நல்ல அமைப்பு. நாளுக்கு நாலரை மணி நேரத்துக்குச் சமமான முழு வெயில் விழும் இடத்தில், 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.5 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,280 யூனிட் கிடைக்கும். உங்கள் ஊரின் வெயில் அளவை உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விற்பனையாளர் சொல்லும் எண் அதைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் ஆண்டுச் செலவான 4,200 யூனிட்டுக்கு 3.3 கிலோவாட் போதும். 3 சொன்னவர் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். இதில் ஒரு குறை உண்டு. சோலார் பகலில் தருகிறது, நீங்களோ இரவில் செலவழிக்கிறீர்கள். வெளியே போகும் யூனிட்டுக்கு மின்வாரியம் என்ன தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சில இடங்களில் கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்வார்கள், அதாவது நெட் மீட்டர் முறை. வேறு சில இடங்களில் நீங்கள் வாங்கும் விலையில் ஒரு பங்குதான் தருவார்கள். இந்த ஒரு விவரத்தை வாரியத்தின் கட்டண உத்தரவில் நீங்களே படித்துப் பாருங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

கொஞ்சம்தான் தருவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் யூனிட்டின் மதிப்பு 100 என்றால், விற்கும் யூனிட்டுக்கு 30. பகலில் ஆள் குறைவாக இருக்கும் உங்கள் வீட்டில் முதல் கிலோவாட் தரும் 1,280-இல் சுமார் 750 யூனிட் வீட்டிலேயே செலவாகும். ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார், விடுமுறை நாளின் ஏ.சி. என்று அதற்கு வேலை இருக்கிறது. மீதி வெளியே போகும். எல்லாம் சேர்த்து, காசுக்கு வாங்கும் 910 யூனிட்டுக்குச் சமமான மிச்சம். இரண்டாவது கிலோவாட்டில் வீட்டுக்குள் செலவாவது 350 யூனிட்தான், ஆக மிச்சம் 630. மூன்றாவதில் 490. நான்காவதுக்கு மேல் ஒவ்வொன்றும் 420-ஐத் தாண்டாது, ஏனென்றால் ஏறக்குறைய முழுவதும் விற்பனைக்குத்தான் போகிறது. வீட்டுக்குள் எவ்வளவு செலவாகும் என்பது என் அனுமானம். உங்கள் மீட்டரைக் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரு வாரம் குறித்து வைத்தால் சரியான எண்ணே கிடைத்துவிடும்.

ஆக, முதல் 3 கிலோவாட் ஆண்டுக்கு 2,030 யூனிட் மதிப்புக்குச் சம்பாதிக்கிறது. அடுத்த 3 சம்பாதிப்பது 1,260. நெட் மீட்டர் இருந்தால் நிலைமை மாறும் என்று நினைப்பீர்கள். மாறுகிறது, ஆனால் 6-க்குச் சாதகமாக அல்ல. முதல் 3 கிலோவாட் தரும் 3,840 யூனிட்டுக்கும் முழு மதிப்பு. அடுத்த 3-இல் நீங்கள் செலவழிக்க மிச்சம் இருப்பது 360 யூனிட்தான். அதற்கு மேல் போகும் 3,480 யூனிட்டுக்கு வாரியம் தரும் மலிவு விலைதான். அதே 30 என்று வைத்தால் மொத்தம் 1,404 யூனிட் மதிப்பு. எந்த முறையாக இருந்தாலும் கூடுதல் 3 கிலோவாட் முதல் 3-ஐவிட மிகவும் குறைவாகச் சம்பாதிக்கிறது. அதற்குத்தான் உங்களைக் கடன் வாங்கச் சொல்கிறார்கள்!

"கிலோவாட்டுக்கு விலை குறையும்" என்பது உண்மைதான். ஆள் கூலி, அனுமதி, கம்பி இழுப்பது எல்லாம் பெரிய அமைப்பில் பரவிவிடும். ஆனால் சராசரி விலையைப் பார்க்காதீர்கள். 6-இன் கொட்டேஷனிலிருந்து 3-இன் கொட்டேஷனைக் கழியுங்கள். கிடைப்பதுதான் கூடுதல் 3-க்கு நீங்கள் தரும் விலை. 1,260 அல்லது 1,404-ஐ உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, அந்தக் கூடுதல் விலையால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்று தெரியும். கடன் வட்டி அதைவிட அதிகம் என்றால் பேச்சே இல்லை. ஏறக்குறைய சமம் என்றாலும் வேண்டாம். பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் தேயும், இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும், வாரியம் வாங்கும் விலையை இன்னும் குறைக்கலாம். இந்த மூன்றும் உங்கள் தலையில்தான் விழும், விற்றவர் தலையில் அல்ல.

கொட்டேஷனோடு 25 வருட லாபம் என்று ஒரு வரைபடம் தந்திருப்பார்கள். அதில் மின்கட்டணம் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்று வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுத் திரும்பத் தரச் சொல்லுங்கள். அப்போதும் நிற்கும் கணக்கைத்தான் நான் கணக்கு என்பேன்.

உங்கள் பில் அடுக்கு முறையில், அதாவது கூடுதல் யூனிட்டுக்குக் கூடுதல் விலை என்று வந்தால், முதல் கிலோவாட் இன்னும் பலமாகிவிடும். மேல் அடுக்கின் விலை உயர்ந்த யூனிட்டுகளை முதலில் வெட்டுவது அதுதான். கீழ் அடுக்குக்கு இறங்கிய பிறகு வெட்டும் யூனிட்டெல்லாம் மலிவானவை. நிலைக் கட்டணத்தை எத்தனை பேனல் போட்டாலும் குறைக்க முடியாது. நெட் மீட்டரில் கணக்கு முடிப்பது மாதக் கடைசியிலா ஆண்டுக் கடைசியிலா என்றும் கேளுங்கள். செலவு குறைந்த மாதத்தில் நீங்கள் 250 யூனிட்தான் எடுப்பீர்கள் என்றால், 3 கிலோவாட்டே 315 தந்துவிடும். மாதந்தோறும் முடிக்கும் இடத்தில் அந்த 65 மலிவு விலைக்குப் போய்விடும்.

இனி கார். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது போகும் இழப்பையும் சேர்த்துச் சுமார் 2,100 யூனிட் ஆகும். மொத்தம் 6,300. நெட் மீட்டர் இருந்தால் இதற்கு 5 கிலோவாட் சரியாக இருக்கும். இல்லையென்றால், பகல் 12 மணிக்குக் கார் எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. அலுவலக வாசலில் நின்றால் இரவில்தான் சார்ஜ் ஏறும், உங்கள் மாடி அதற்கு உதவாது. வார விடுமுறையில் வீட்டில் நிற்கும் இரண்டு நாளில் ஏற்றிக்கொள்ள முடிந்தால் 4 வரை யோசிக்கலாம்.

கார் இன்னும் எண்ணமாகத்தான் இருக்கிறது என்பதால், 3 கிலோவாட் பேனலோடு 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு ஒரு கொட்டேஷன் கேளுங்கள். பின்னால் பேனல் மட்டும் சேர்க்கலாம். ஆனால் முன்கூட்டியே வாரியத்திடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை 5-க்கு இடம் தருமா? பேனல் சேர்த்தால் பழைய ஒப்பந்தம் அப்படியே தொடருமா, இல்லை முழு அமைப்பும் புது விதிக்கு மாறிவிடுமா? இரண்டாவதற்குப் பதில் சாதகமாக இல்லை, கார் வாங்குவதும் உறுதி, நெட் மீட்டரும் இருக்கிறது என்றால் இப்போதே 5 போடுவேன், சிறு கடன் வாங்கியாவது.

பேட்டரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விற்க வருபவர் கேட்பார். நெட் மீட்டர் இருந்தால் பேட்டரியால் பணம் மிச்சமாகாது, வாரியமே உங்கள் பேட்டரி. விற்கும் விலை குறைவான இடத்தில் பேட்டரியில் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 100-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சம்பாதிக்கும், அதிலும் பத்தில் ஒரு பங்கு உள்ளேயே தொலையும். மின்வெட்டு அதிகமுள்ள பகுதி என்றால் அது வேறு விஷயம். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், கொளுத்தும் வெயிலிலும்.

கையெழுத்துப் போடும் முன் வாஷிங் மெஷின், மோட்டார், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் எத்தனை நாள் பகலுக்கு மாற்ற முடியும் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் 3 கிலோவாட்டிலேயே வீட்டுக்குள் செலவாகும் பங்கு ஏறிவிடும், அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆண்டுக்கு இத்தனை யூனிட் வரும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் 1 கிலோவாட்கூட வாங்க வேண்டாம்.