வஷா, யிஷா: ஒரு செச்சென் சொல்லைப் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரஷ்யாவின் காகசஸ் பகுதியில் பேசப்படும் செச்சென் மொழியில் வஷா என்றால் சகோதரன், யிஷா என்றால் சகோதரி என்று படித்தேன். இரண்டும் ஒரே வேரா?

பதில்: ஒரே வேர்தான். செச்செனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும், நம் பால் போல, ஏதாவது ஒரு வகுப்பில் சேரும். முன்னால் நிற்கும் வகரம் ஆண் வகுப்பின் குறி, யகரம் பெண் வகுப்பின் குறி. நமக்கு மகன், மகள் என்று கடைசியில் தெரிவது அங்கே முதல் ஒலியிலேயே தெரிந்துவிடுகிறது. தந்தைக்கு ‘தா’, தாய்க்கு ‘நானா’ என்கிறார்கள், அவற்றில் இப்படி ஒரு குறியும் இல்லை. அதனால்தான் இந்த ஜோடி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கேள்வி: இது பழைய சொல்லா? எப்படித் தெரியும்?

பதில்: உறவு மொழிகளைப் பாருங்கள். ஜார்ஜியாவில் ஒரே ஊரில் பிழைத்திருக்கும் பாட்ஸ் மொழியில் வஷோ, யஷோ. தாகெஸ்தானின் அவார் மொழியில் சகோதரன் வட்ஸ், சகோதரி யட்ஸ். அங்கும் அதே வகரமும் யகரமும்தான். செச்செனில் யகரத்துக்குப் பின் அகரம் இகரமாகிவிட்டது.

கேள்வி: வேற்றுமை உருபு ஏற்றால் எப்படி மாறும்?

பதில்: ‘சகோதரனுடைய’ என்பதற்கு வெஷின். உயிரும் மாறுவதைக் கவனியுங்கள். வஷாஸ் என்ற வடிவம்தான் சுவையானது. ஒருவர் இன்னொன்றைச் செய்யும் வாக்கியத்தில் செய்பவருக்கு ‘ஸ்’ சேரும், ஆனால் வினை அவரோடு இயையாது, செயப்படுபொருளோடு இயையும். ‘வஷாஸ் க்னிகா யொஷு’ என்றால் சகோதரன் புத்தகம் படிக்கிறான். படிப்பவன் ஆண், வினையிலோ யகரம்! க்னிகா, அதாவது புத்தகம், ய வகுப்புச் சொல் என்பதே காரணம். யிஷாஸ் படித்தாலும் அதே யொஷுதான்.

கேள்வி: பன்மை?

பதில்: வெஜரிய், யிஜரிய். (இந்த ஜகரத்தை ஷகரத்துக்குக் குரல் கொடுத்தாற்போல் மென்மையாகச் சொல்ல வேண்டும்.) ஒருமையில் ‘வஷா வு’, ‘யிஷா யு’ என்று ‘இருக்கிறான்’, ‘இருக்கிறாள்’ பிரியும். பன்மையில் இருவருக்கும் பொதுவாக ‘பு’. அம்பு என்பதில் வரும் பு அது.

கேள்வி: அண்ணன், தம்பிக்குத் தனிச் சொல் உண்டா ஐயா? சித்தப்பா, மாமாவுக்கு?

பதில்: தனிச் சொல் இல்லை. மூத்தவரைக் குறிக்க ‘பெரிய’ என்ற அடையைச் சேர்க்கலாம்: வொக்க வஷா, யொக்க யிஷா. அடையும் குறியை மாற்றிக்கொள்கிறது பாருங்கள். எல்லா அடைகளும் இப்படி மாறாது, சிலதான். அப்பாவின் சகோதரர், பெரியவரோ சிறியவரோ, தெவஷா. அம்மாவின் சகோதரர் நெனவஷா. முதல் பகுதி இரண்டிலும் ‘தந்தையின்’, ‘தாயின்’ என்ற ஆறாம் வேற்றுமையிலிருந்து வந்தது.

கேள்வி: கற்கத் தொடங்குகிறேன். சொற்களை எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள். ‘வஷா வு, வெஷின், வஷாஸ், வெஜரிய்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். 1961இல் வந்த மாத்ஸியெவின் செச்சென்-ரஷ்ய அகராதியிலும் பெயருக்குப் பக்கத்திலேயே வேற்றுமை வடிவங்களும் பன்மையும் வகுப்பும் இருக்கும். ஆட்களைக் குறிக்காத சொற்களுக்கு வகுப்பை ஊகிக்கவே முடியாது, அகராதியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.