வாளி எங்கே, தம்பி?

கேள்வி: "யோஹோஹோ! பசில் பைரட்ஸ் என்ற இணையக் கடற்கொள்ளையர் புதிர் விளையாட்டை ஆடுகிறேன். பீரங்கிக்குக் குண்டு ஏற்றும் புதிரில் மட்டும் என் தரம் ஏறவே மாட்டேன் என்கிறது. பீரங்கிகள் பாதி கெட்டுப்போய் நிற்கின்றன, கப்பல் தலைவர் திட்டுகிறார். வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவர், 80 வெள்ளி கொடுத்தால் என் கணக்கில் தாமே ஆடித் தரத்தை உயர்த்துவதாகச் சொல்லிக் கடவுச்சொல் கேட்கிறார். கொடுக்கலாமா?" (வாசகர், பட்டர்வொர்த்)

கொடுக்காதீர்கள், தம்பி. அந்த ஆளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் பீரங்கி.

ஃபெர்ரி ஏறினால் பினாங்குத் தீவில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கே 1603இல் வார்க்கப்பட்ட டச்சுப் பீரங்கி ஸ்ரீ ரம்பை இருக்கிறது. அதன் வாயைப் பாருங்கள்: எதை ஏற்றினாலும் அந்த வழியாகத்தான் ஏற்ற வேண்டும். நெருப்பு வைக்கும் துளையோ பின்கோடியில். எனவே வெடிமருந்து முதலில் போய் அடியில் கிடக்க வேண்டும். அதன்மேல் துணி, கடைசியில் குண்டு. சுட்டு முடித்ததும் உள்ளே கனல் மிச்சமிருக்கும். ஈரத்தால் துடைக்காமல் அடுத்த மருந்தைத் திணித்தால் திணிப்பவன் கையே போய்விடும். விளையாட்டில் தண்ணீர் வாளி இருப்பது இதனால்தான். மருந்து, துணி, குண்டு. சுட்ட பிறகு வாளி. வரிசை தவறினாலும் வாளிதான்.

வரிசை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தவறு அம்புக்குறியில் நடக்கிறது. பலகையில் பொருள்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் அம்பு வைத்துத் திருப்புகிறீர்கள். அம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. நீங்கள் மருந்துக்காக வைத்த அம்பில் குண்டு முந்தி வந்தால் குண்டுதான் திரும்பிப் பீரங்கிக்குள் போகும். ஆகவே அந்தக் கட்டத்துக்கு முதலில் வரப்போவது எது என்று பார்த்த பிறகே அம்பை வையுங்கள். நான்கு பீரங்கியையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்க்க வேண்டாம். இரண்டை முடியுங்கள், பிறகு மற்ற இரண்டு.

வாளிக்கு ஒரு விலக்கு உண்டு. சண்டை தொடங்கும்போது பீரங்கி வெறுமையாக, சுத்தமாக இருக்கிறது. அதற்கு வாளி வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். 'எதற்கும் ஒரு முறை கழுவிவிடுவோம்' என்று வாளியைத் துரத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பீரங்கியையே நிரப்பியிருக்கலாம். சுட்டதா, கெட்டதா? இரண்டும் இல்லையென்றால் நேரே மருந்து.

இனி அந்த 80 வெள்ளி ஆள். கடவுச்சொல் கைமாறினால் அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல. அவர் ஓட்டுவது பெரும்பாலும் தானியங்கி மென்பொருளாக இருக்கும், அதற்கு விளையாட்டில் தடை. பிடிபட்டால் முடங்குவது உங்கள் கணக்கு, அவருடையது அல்ல. இதே கும்பல்தான் 'மலிவு விலையில் டப்ளூன்' என்றும் வரும் (டப்ளூன் என்பது காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம்). டப்ளூன் வேண்டுமா, நிறுவனத்திடம் வாங்குங்கள். காசு இல்லையா, விளையாட்டுக்குள்ளேயே சம்பாதித்த நாணயத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் சந்தை இருக்கிறது. நடுவில் இவர் எதற்கு?

என் அக்கா மகன் இப்படி ஒருவருக்குப் பணம் அனுப்பிவிட்டு வங்கியைக் கூப்பிட்டான். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, அப்புறம் பாட்டு. நாற்பது நிமிடப் பாட்டு! ஆள் கிடைத்தபோது 'போலீஸ் புகார் நகல் இருக்கிறதா?' என்றார்கள். திருடனுக்கு ஒரு நொடி போதும், பறிகொடுத்தவனுக்கு மட்டும் படிவம், முத்திரை, வரிசை. அதனால் பணம் போனது தெரிந்த உடனே 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழையுங்கள், புகாரையும் அன்றே எழுதுங்கள். அனுப்பும் முன்பே கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பெயர் வராததால் மட்டும் அவர் உத்தமர் ஆகிவிட மாட்டார்.

கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே மாற்றுங்கள். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள்.

கப்பல் தலைவரிடம் 'நான் புதியவன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியும் திட்டினால் பாய்மரத்துக்கோ, நீர் இறைக்கவோ, தச்சு வேலைக்கோ போய்விடுங்கள். அங்கேயும் ஆள் தேவைதான்.