பஸ் காசுக்குப் பெயர்ப்பலகை இல்லை

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்களோடு படித்த ஒருத்தியின் தாயார் சென்ற வருடம் மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது, நாங்கள் சிலர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். அந்தப் பழக்கத்திலிருந்து பதினொரு பேர் கொண்ட ஒரு குழு உருவாகியிருக்கிறது. மார்கழியில் ஓர் இசை மாலை நடத்தி, சேரும் பணத்தில் மருத்துவமனைக்கு ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க எண்ணியுள்ளோம். டிக்கெட் 5,000 ரூபாய். துண்டுப்பிரசுரத்தின் மாதிரியை இணைத்துள்ளேன்; அதிலுள்ள பிள்ளையின் படத்துக்குப் பெற்றோர் சம்மதித்தார்கள். "இதெல்லாம் படம் எடுத்துப் போடுவதற்குச் செய்கிற வேலை" என்று உறவினர் ஒருவர் சொன்னது மனதை உறுத்துகிறது. நாங்கள் செய்வது வெறும் ஆடம்பரமா? வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் கேட்பது கையேந்துவது போல ஆகிவிடுமா? கோயில்களிடம் கேட்கலாமா?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடைய கடிதம் வந்த நாளில் என் பழைய பெட்டியொன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மாமியின் கிளினிக் கொப்பி அதற்குள் கிடந்தது. ஆகவே இது உங்களுக்கான பதில்தானா, எனக்கு நானே எழுதிக்கொள்வதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். வெளிநாட்டு உறவுகளிடம் தாராளமாகக் கேளுங்கள். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வீடியோக்காரரைப் பிடிக்க அவர்களிடம் கேட்பதற்குக் கூசாத நாம், இதற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்? கோயிலிடமும் கேளுங்கள், கொடுத்தால் வாங்குங்கள். உங்கள் உறவினர் சொன்னதைப் பற்றி எனக்குக் கருத்தொன்றும் இல்லை. எதுவும் செய்யாமல் சாய்வு நாற்காலியிலிருந்து பேசுகிறவர்களின் நாவன்மையை நானும் இந்த வயதில் ஓரளவு பெற்றிருக்கிறேன்.

துண்டுப்பிரசுரத்தை அப்படி விட முடியாது. மொட்டைத் தலையோடு, கையில் ஊசி குத்திய பிளாஸ்திரியோடு ஒரு சிறுமியின் முகத்தை அதில் முழுப் பக்கத்துக்கு அச்சடித்திருக்கிறீர்கள். பெற்றோர் சம்மதித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, நாளைக்கு மருந்து கிடைக்குமா என்று தெரியாமல் நிற்கிற ஒரு தாய், உதவி செய்ய வந்தவர்கள் கேட்டால் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டாள்? பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய், சரியாக வைத்தியம் செய்தால் அதிலிருந்து மீண்டு வளர்கிற பிள்ளைகள் பலர். நீங்கள் மறந்துவிட்ட விடயம் இதுதான்: அந்தச் சிறுமி பிழைத்து வளர்வாள். அவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போது இந்தப் படம் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் இருக்கும். நம்மவர்கள் கலியாணம் பேசும்போது எதையெல்லாம் தோண்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? நோயின் பெயரைச் சொல்லக்கூடப் பயந்து "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்துகிற ஒரு சமூகத்தில், அந்தப் பிள்ளையின் முகத்தை ஏன் டிக்கெட்டோடு சேர்த்து விற்கிறீர்கள்? அச்சுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் நிறுத்துங்கள். அச்சுக்கூலி வீண்போனால் பரவாயில்லை, நான் தருகிறேன்.

கோபம் முடிந்தது. இனி மாமியைப் பற்றிச் சொல்கிறேன்.

1997ஆம் ஆண்டு மாமி மட்டக்களப்பிலிருந்து வந்தார். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். நாற்பது வருடம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடக்கி வைத்திருந்த அதே இடம். (புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் போடுகிறேன் என்று இன்றும் சமாதானம் சொல்கிறவர்களுக்கு ஒரு சொல்: பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும்.) அந்த நாளில் மட்டக்களப்பில் கதிர்ச் சிகிச்சைக்கு வழியில்லை, மஹரகமவுக்குத்தான் வர வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் வாடகை அறையில் அவரைத் தங்க வைப்பதற்கு முதல் வேலையாகப் பொலிசில் பதிய வேண்டியிருந்தது. அடையாள அட்டை, வீட்டுக்காரரின் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, அந்தப் பையை மாமி மார்போடு அணைத்துக்கொண்டுதான் வெளியே இறங்குவார்.

சிகிச்சையை எங்கள் ஆட்கள் "கரண்ட் பிடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும், ஆறு கிழமைக்கு மேல். கதிர் எந்த இடத்தில் பட வேண்டும் என்பதற்குக் கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டு விடுவார்கள், அது அழியக்கூடாது. கொழும்பு வெயிலில், ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்ஸுக்குள் நெரிபட்டு நிற்கிற ஒருவருடைய கழுத்தில் மைக்கோடு அழியாமல் இருக்க வேண்டும் என்றால் எப்படி? மாமி தன் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்காமல், கோட்டுக்கு வெளியே மட்டும் ஒற்றி ஒற்றி எடுப்பார். கோலத்தின் ஓரத்தில் விழுந்த மாவை விரலால் ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கவனம். ஒருநாள் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பெண் சிப்பாய் மாமியின் முகத்தைக் காட்டி, இது என்ன அடையாளம் என்று சிங்களத்தில் கேட்டாள். மாமிக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பையிலிருந்த கொப்பியைக் கண்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ்ஸில் ஏறும்படி கையைக் காட்டினாள்.

மூன்றாவது கிழமைக்குப் பிறகு வாய் முழுவதும் புண்ணாகிவிட்டது. கஞ்சியை ஆற்றி, உப்பில்லாமல், சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். ஒரு கோப்பை இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம். வைத்தியம் இலவசம், மருந்து இலவசம், இயந்திரம் இலவசம். ஆனால் நான் அந்த இரண்டு மாதத்தில் அலுவலகத்தில் சம்பளமில்லா விடுமுறை எடுத்தேன், என் மனைவி தன் காப்பை அடகு வைத்தார். அந்தக் காசெல்லாம் எங்கே போனது என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். பஸ், களைத்துப்போன நாட்களில் முச்சக்கர வண்டி, பால்மா, ஊருக்குத் தொலைபேசி, மாமியின் வீட்டில் தனியாக நின்ற பிள்ளைகளின் செலவு. ஒன்றுக்கும் ரசீது இல்லை.

வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருப்பார். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். அவர் ஒருநாள் மாமியிடம் சொன்னது இது: "எனக்கு மட்டும் பேர் போகலம்மா, என்னோட வர்ற எம் புருசனுக்கும் பேர் போகுது." மலையகத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்காவது கிழமைக்குப் பிறகு அவரைக் காணவில்லை. இறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். பிறகு ஒருநாள் வந்தார், இடையில் நின்றுவிட்ட சிகிச்சையைத் தொடர முடியுமா என்று கேட்பதற்காக. பஸ் காசு இல்லாமல் போனதால் வரவில்லையாம். கதிர்ச் சிகிச்சையில் இடைவெளி விழுந்தால், தப்பிய புற்றுநோய்க் கலங்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகும். அதனால்தான் நாள் தவறக்கூடாது என்று வைத்தியர்கள் அத்தனை கண்டிப்பாகச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் பெறுமதியான இயந்திரம் ஒன்று அங்கே தயாராக நின்றது. அதன் கீழே வந்து படுக்க வேண்டியவர் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அப்பால் எங்கோ இருந்தார்.

இயந்திரம் வாங்குவதை நான் இழிவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2011இல் சிலர் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை அமையப் பணம் திரட்டினார்கள். 2016இல் மஹரகமவுக்கு, புற்றுநோய் உடலில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று, மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தை முன்னின்று கேட்டபோது, முச்சக்கர வண்டி ஓட்டுநர் முதல் பாடசாலைப் பிள்ளைகள் வரை கொடுத்து 20 கோடி ரூபாய் சேர்ந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே உண்டியலில் போட்ட காசு அது. அவையெல்லாம் மலைபோன்ற முயற்சிகள், அவற்றின் பின்னால் வைத்தியர்கள் நின்று இன்னது வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பதினொரு பேர். உங்கள் கடிதத்தில் "ஓர் இயந்திரம்" என்று இருக்கிறது. என்ன இயந்திரம்? மருத்துவமனையில் யாரிடமாவது கேட்டீர்களா? பெட் ஸ்கேனுக்குச் செலுத்துகிற கதிரியக்க மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஆகவே இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, நோயாளியும் மருந்தும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர வேண்டும். கதிர்ச் சிகிச்சை கொடுக்கிற பழைய கோபால்ட் இயந்திரத்தின் கதிரியக்க மூலகத்தின் வீரியம் ஐந்து வருடத்துக்குச் சற்று மேலே பாதியாகக் குறைந்துவிடும், பிறகு அதே அளவு கதிருக்கு நோயாளி இரு மடங்கு நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். வாங்கிக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம், இயக்குகிறவரும் பழுது பார்க்கிறவரும் போக முடியாது.

இயந்திரத்தில் மனம் போவதற்குக் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் குற்றவாளிதான். மாமி போன பிறகு ஒரு குழுவில் என்னையும் சேர்த்தார்கள். நாங்களும் மண்டபம் எடுத்து இசை நிகழ்ச்சி நடத்தினோம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பாடகருக்குப் பொன்னாடை, பிரமுகர்களுக்குச் சிற்றுண்டி, அழைப்பிதழ் எல்லாம் போக, வந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதில் சக்கர நாற்காலிகள் வாங்கினோம், முதுகில் குழுவின் பெயரைப் பெயின்டால் எழுதி. பஸ் காசு கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது தலைவர் கேட்டார்: "அதில் எங்கே பெயர் போடுவது?" பகிடியாகத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் பெட்டிக்குள் கொப்பியைக் கண்ட அன்று மறுபடி கேட்டேன்.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, எழுதத்தான் வேண்டும். மருந்து இருந்த நாளிலும் பஸ் ஓடாததால் கிளினிக்குக்கு வர முடியாமல் போனவர்களைப் பற்றி அதிகம் எவரும் எழுதவில்லை. இப்போது கண்டியிலும் கராப்பிட்டியிலும் தெல்லிப்பளையிலும் மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனாலும் மஹரகமவின் காலை வரிசையில் நின்று பாருங்கள், எத்தனை ஊர்ப் பேச்சு காதில் விழுகிறது என்று.

அந்த மருத்துவமனைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். நம்முடைய பேச்சில் இந்த வேரிலிருந்து வந்த அபேட்சகர் என்ற சொல் தேர்தல் காலத்தில் மட்டும் உயிர் பெறும். ஒரு பெயரை எதற்கு வைத்துக்கொள்வது என்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

உங்களிடம் ஒரு பெரிய சொத்து இருப்பதை நீங்களே கவனிக்கவில்லை. முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். பதினொரு பேர், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள். அந்த வரிசையில் நிற்கிற முல்லைத்தீவுக்காரருக்கு எந்த வாசலுக்குப் போவது, அடுத்த திகதி எப்போது, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று சொல்ல ஒரு ஆள் போதும். ஒரு கிளினிக்கில் "அடுத்த கிழமை" என்று சிங்களத்தில் சொன்னதை "அடுத்த மாதம்" என்று விளங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவரை யாரும் ஏமாற்றவில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இசை மாலையை நடத்துங்கள். பாட்டுக் கேட்பதில் ஒரு பாவமும் இல்லை. வரும் பணத்தை இயந்திரத்துக்கென்று ஒதுக்காமல், சிகிச்சை முடியும்வரை ஒரு நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்து, தங்குமிடம், அவர்கள் இழக்கும் நாட்கூலி என்று எழுதி வையுங்கள். வாட்டுச் சிஸ்டரையும் சமூகசேவை உத்தியோகத்தரையும் கேட்டு ஆளைத் தெரிவு செய்யுங்கள். காசைக் கையில் கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். கணக்கைக் கடைசிச் சதம் வரை எழுதி டிக்கெட் வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள், நோயாளியின் பெயர் இல்லாமல். நீங்கள் கணக்காய்வாளர், இதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நிகழ்ச்சிக்கு முன்னால் பதினொரு பேரும் தனித்தனியாக ஒவ்வொரு நாள், காலை ஆறு மணிக்கு, 138இல் ஏறி அங்கே போய் வாருங்கள். காரில் போக வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்வி என்னவென்று கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆடம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிற்றுண்டிச் செலவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எனக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து. என் மனைவிக்கு இப்போது படியேற முடிவதில்லை.

அன்புடன்.