பழனி: மலைமேலும் மலையடியிலும் (கேள்வி பதில்)

பழனியில் பிறந்து வளர்ந்தவன் நான். தலபுராணம், பழைய பாட்டு, வழிபாட்டு வழக்கம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூர் வாசகர்: "பழம் நீ" என்றதால்தான் பழனி என்ற பெயர் வந்ததா?

நாரதர் தந்த மாங்கனி அண்ணனுக்குப் போனதும் முருகன் கோபித்துக்கொண்டு இங்கே வந்து நின்றான், "பழம் நீயே" என்று தேற்றினார்கள் என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் கதை. அதைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

பெயரின் பழமை வேறு இடத்தில் இருக்கிறது. அகநானூற்றின் முதல் பாட்டைப் பாருங்கள். மாமூலனார் பாடியது. நெடுவேள் ஆவி என்னும் தலைவனின் மலையாகப் "பொதினி" வருகிறது. அங்கே சாணைக்கல் செய்யும் சிறுவன் ஒருவன் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டுகிறான். "அந்தக் கல்லைப்போல் உன்னைப் பிரியமாட்டேன் என்றானே, போய்விட்டானே" என்று தலைவி வருந்துகிறாள். அந்தப் பொதினியே பழனி ஆயிற்று என்பது அறிஞர் பலரின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் இந்த ஆவியர் குடியில் வந்தவன்தான். கடவுளுக்கு மயில் வாகனமாக இருக்கும் ஊரில், மன்னனும் மயிலின் குளிருக்கு இரங்கியிருக்கிறான்.

ஈரோடு வாசகர்: நவபாஷாணத்தில் என்னென்ன சேரும்? மணியாக விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி மூலவர் திருமேனியை அமைத்தார் என்பது மரபு. பாஷாணம் என்றால் நஞ்சு. சித்த மருத்துவ நூல்கள் சொல்லும் பாஷாணங்களில் பாதரசமும் ஆர்சனிக்கும் கலந்தவை உண்டு. பட்டியல் தேடி வீட்டில் கலந்து பார்ப்பதும், மணியை நீரில் ஊறவைத்துக் குடிப்பதும் உயிரோடு விளையாடுவது.

சேலம் வாசகர்: மூன்றாம் படைவீடு மலைக்கோயில்தானே?

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் சொல்வது ஆவினன்குடி. அது மலையடியில் இருக்கிறது.

மதுரை வாசகர்: இதை ஏற்க முடியாது. லட்சக்கணக்கான பேர் படியேறுவது படைவீட்டு முருகனைப் பார்க்கத்தானே? பாட்டில் உள்ள ஆவினன்குடி என்பது மலையையும் சேர்த்துத்தான்.

நல்ல மறுப்பு, ஐயா. ஆனால் பாட்டையே பார்ப்போம். மரவுரி உடுத்த முனிவர்கள் முன்னே வருகிறார்கள். திருமாலும் சிவபெருமானும் இந்திரனும் நான்முகனுக்காக வேண்டி வருகிறார்கள். அங்கே முருகன் எப்படி இருக்கிறான்? "தாவில் கொள்கை மடந்தையொடு சின்னாள்" தங்கியிருக்கிறான். தேவியோடு இருக்கிறான்! கோவணமும் தண்டமுமாகத் தனியே நிற்கும் ஆண்டிக் கோலம் அந்தப் பாட்டில் இல்லை.

மதுரை வாசகர் மீண்டும்: அப்படியென்றால் மலைமேல் இருப்பவர் குறைந்தவரா?

நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதே நக்கீரர் "குன்றுதோறாடல்" என்று எல்லா மலைகளையும் அவனுக்கே தந்திருக்கிறார். அருணகிரிநாதர் ஆவினன்குடியையும் பாடினார், பழனி மலையையும் பாடினார். இரண்டும் ஒரே தலம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். என் வருத்தம் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மலைக்கு ஓடுகிறார்கள், அடிவாரத்துக் கோயிலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் தாயார் ஆவினன்குடியில் நெய்விளக்கு ஏற்றாமல் முதல் படியில் கால் வைத்ததே இல்லை. முந்தானையில் முடிந்துவைத்த திரியை அங்கே அவிழ்த்த பிறகுதான் எங்களை மலையேற விடுவார். அந்த முறை மறைந்துவிடக் கூடாது.

சென்னை வாசகர்: ரோப்கார் எத்தனை மணி வரை ஓடும்?

கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பாலக்காட்டு வாசகர்: மூலவர் ஏன் மேற்கு நோக்கி நிற்கிறார்?

உங்களைப் பார்த்துத்தான் நிற்கிறார் என்று மலையாள நாட்டுப் பக்தர்கள் சொல்வார்கள். சேரமான் பெருமாள் கட்டிய கோயில் என்ற வழக்கும் உண்டு. "நாதவிந்து கலாதி" திருப்புகழின் முடிவில் அருணகிரிநாதர் சுந்தரரின் தோழரான சேரரைச் சொல்லி, அவருடைய கொங்கு வைகாவூர் நாட்டில் ஆவினன்குடியை வைக்கிறார்.

கரூர் வாசகர்: அபிஷேகப் பால் குடித்தால் சர்க்கரை நோய் தீருமா?

பிரசாதத்தைப் பிரசாதமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நவபாஷாணம் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள்.

தஞ்சை வாசகர்: காவடி இங்கேதான் தொடங்கியதா?

தலபுராணம் அப்படித்தான் சொல்கிறது. அகத்தியர் சொற்படி இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்தான். இங்கே இறக்கிவைத்து இளைப்பாறியவன் திரும்பத் தூக்க முடியாமல் தவித்தான். குன்றின்மேல் நின்ற சிறுவனோடு போரிட்டு மாண்டான், பின் உயிர் பெற்றான். தன்னைப்போல் சுமந்து வருவோருக்கு அருள வேண்டும் என்று அவன் கேட்ட வரமே காவடி. படிவழியில் அவன் சன்னதி இருக்கிறது, வணங்கிவிட்டு ஏறுங்கள்.

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி நடந்து வரும். பூசம் முடிந்தபின் எடப்பாடிக் காவடிக் குழு வந்து, தாங்களே பஞ்சாமிர்தம் பிசைந்து, மலைமேல் ஓர் இரவு தங்கும். அந்த உரிமை அவர்களுக்கே உரியது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரி நீர் தீர்த்தக் காவடியில் வரும். வெயில் ஏறும் மாதத்தில் முருகனைக் குளிர்விக்க ஆற்றையே தோளில் கொண்டுவருகிறார்கள். கலசத்தின் வாயை மூடிய துணி ஈரம் உலராமல் இருப்பதை அருகில் நின்று பாருங்கள்.

நாமக்கல் வாசகர்: பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் உண்டா?

ஒரு சொட்டும் இல்லை. மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விழுப்புரம் வாசகர்: நவபாஷாண லிங்கம் எங்கே கிடைக்கும்?

மூன்றாம் முறை சொல்கிறேன்: வாங்காதீர்கள். போகரை வணங்க வேண்டுமானால் மலைமேல் அவர் சன்னதி இருக்கிறது. அவர் பூசித்த மரகத லிங்கத்தை அங்கே கண்டு வாருங்கள்.

மதுரை வாசகர்: சரி, அடுத்த முறை ஆவினன்குடிக்குப் போகிறேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

மனம் நிறைந்தது, ஐயா. மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுத சுவாமியைக் கண்டபின், இலக்குமி, காமதேனு, சூரியன், பூமாதேவி, அக்கினி ஐவரின் திருவுருவங்களையும் தேடிப் பாருங்கள். திரு, ஆ, இனன், கு, டி என்று அந்த ஊர்ப்பெயரை ஐவருக்கும் பகிர்ந்து பொருள் சொல்வார்கள். தலமரம் நெல்லி. விளக்குக்கு நெய் வாங்கிக்கொண்டு போங்கள்.